சுவரொட்டியும் கள்ளக் கடிதமும்

போர் என்றதும் வாளும் வேலும் பீரங்கியும் வானூர்தியும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆயின், தொல்காப்பியர் புறத்திணையியலில் வெட்சித் திணைக்குத் துறை வகுக்கப் புகுந்தபோது, படை இயங்கும் ஆரவாரத்தை அடுத்து அவர் வைத்தது வில்லையும் அம்பையும் அன்று, விரிச்சியை. படையினர் ஊர்ப்புறத்தே தங்கியிருக்கையில், அயலார் தமக்குள் இயல்பாகப் பேசிக்கொள்ளும் சொல்லைச் செவிமடுத்து, அதனையே தம் செயலுக்கு நிமித்தமாகக் கொள்வது விரிச்சி. சற்றுப் பின்னே வருவது வேய் என்னும் துறை. அஃது ஒற்றர் நேரிற் சென்று கண்டு வந்து உரைக்கும் செய்தி. காற்றில் வந்த சொல்லும் கண்டு வந்த சொல்லும் வேறு வேறு என்பதைப் பிரித்துக் காட்டியது நம் இலக்கணம். அவ்விரண்டும் ஒன்றாகிவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கவலை.

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில் நின்று பார்ப்போர்க்கு இது விளங்கும். திருவரங்கம் செல்வோர், இலால்குடி செல்வோர், கல்லூரி முடிந்து ஊர் திரும்பும் மாணவ மாணவியர், மலைக்கோட்டைக் கடைவீதியில் சரக்கெடுத்து வருவோர் என்று எல்லாத் திசைக்கும் எல்லாச் சமயத்திற்கும் உரிய மக்கள் அங்கே கூடுகின்றனர். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கும் இடத்தின் பெயர். அந்நாளில் வழிப்போக்கர் திண்ணையில் அமர்ந்து ஊர்ச் செய்தி பரிமாறினர். இந்நாளில் கைப்பேசியைக் குனிந்து பார்க்கின்றனர். பேருந்து வரும் பத்து நிமிடத்திற்குள் பத்துச் செய்திகள் பத்து ஊர்களுக்குப் பறந்துவிடுகின்றன. அவற்றுள் எத்தனை விரிச்சி, எத்தனை வேய் என்று கேட்பார் இல்லை.

வல்லரசுகள் இதனை ஒரு படைத்துறைக் கலையாகவே வளர்த்துள்ளன. சீன அரசு 2003ஆம் ஆண்டில் பொதுக்கருத்துப் போர், உளவியல் போர், சட்டப் போர் என்னும் மூன்றினைத் தன் படையின் கடமைகளுள் சேர்த்தது. வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பின் ஆய்வாளர் 2020ஆம் ஆண்டு முதற்கொண்டு, நிலம், நீர், வான், விண்வெளி, கணினி வலை ஆகியவற்றோடு மனித மனத்தையும் ஒரு போர்க்களமாகவே கருதி எழுதி வருகின்றனர். இதனைச் சிந்தைப் போர் எனலாம். பழைய பரப்புரை ஒரு பொய்யை நம்பச் செய்ய முயன்றது. சிந்தைப் போரின் நோக்கம் அதனினும் ஆழமானது. ஒன்றுக்கொன்று முரணான நூறு செய்திகளை நூறு வாய்களின் வழியே ஒரே வேளையில் இறக்கி, எதையும் நம்ப இயலாத, அல்லது தன் வெறுப்பிற்கு ஏற்றதை மட்டுமே நம்பக்கூடிய மனத்தை அது உருவாக்க விழைகிறது. அத்தகைய மனம் வாய்த்த மக்களை வெல்லப் படை வேண்டுவதில்லை.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நிகழ்பவை என்று நம் மாணவர் எண்ணுதல் கூடும். உண்மை வேறு. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தொலைவில் நிற்கும் மெயின்கார்டு கேட் அந்தக் கலையின் பழைய பாடசாலைகளுள் ஒன்றன் வாயிற்கதவாகும். கோட்டைச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டன. அகழி தூர்க்கப்பட்டுச் சாலைகளாயிற்று. பூல்வார் என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியே நம் நாவில் புலிவார்டு என்று திரிந்தது. இன்னும் ஒரு தலைமுறை சென்றால் அங்கே புலி உலவிய கதையொன்றைச் சொல்ல ஆள் பிறந்துவிடும்!

1751 முதல் 1754 வரை இக்கோட்டையைச் சுற்றி நிகழ்ந்த போரை ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்கான போர் என்று பாடநூல்கள் கூறும். கோட்டையினுள் முகம்மது அலியும் அவருக்குத் துணையாக ஆங்கிலக் கும்பினியாரும் இருந்தனர். வெளியே சந்தா சாகிபும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும், பின்னர் மைசூர்ப் படையும் நின்றனர். 1751இல் இராபர்ட் கிளைவ் ஏறத்தாழ 500 வீரரோடு ஆர்க்காட்டைப் பிடித்தது கூட, முற்றுகையிட்டோரின் கருத்தைத் திருச்சியிலிருந்து அங்கே திருப்பும் பொருட்டே. 1754 சனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் இருதரப்பாரும் அமைதிப் பேச்சுக்கு அமர்ந்தபோது, தூப்ளேயின் தூதர் மொகலாயப் பேரரசின் ஆணைகளாகக் காட்டிய தாள்களின் முத்திரை மெய்யானதுதானா என்று ஆங்கிலேயர் ஐயம் எழுப்பினர். பீரங்கிகளுக்கு நிகராகத் தாள்களும் அப்போரில் இயங்கின.

அந்த 1754ஆம் ஆண்டில் திருச்சியில் நிகழ்ந்த ஒன்றை நம் மாணவர் பலர் அறியார். கும்பினியின் சுதேசிப் படைக்குத் தலைமை தாங்கியவர் யூசுப் கான். மருதநாயகம் என்று மக்கள் இன்றும் போற்றும் அவரே. முற்றுகையின்போது எதிரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி உணவுப் பொருள்களைக் கோட்டைக்குக் கொண்டு வந்து சேர்ப்பதில் அவருக்கு இணையானவர் இல்லை என்று ஆங்கிலத் தளபதிகளே எழுதி வைத்தனர். அவரைப் போரில் வீழ்த்த இயலாதவர்கள் தாளில் வீழ்த்த முனைந்தனர். மைசூர்த் தளபதி நஞ்சராசருக்கும் யூசுப் கானுக்கும் இரகசிய உடன்பாடு இருப்பதாகக் காட்டும் கடிதமொன்று ஆங்கிலேயர் கையிற் சிக்கும் வண்ணம் போடப்பட்டது. யூசுப் கான் ஐயத்திற்கு ஆளாகி விசாரணைக்கு உட்பட்டார். விசாரித்தபோதுதான் அக்கடிதம் பொய் என்பதும், அதன் பின்னணியில் இருந்தவன் ஆங்கிலப் படையின் தலைமைத் துபாஷியே என்பதும் வெளிப்பட்டன. இராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் அவன் பெயர் போனியப்பா என்று காணப்படுகிறது. பீரங்கி வாயில் கட்டி அவனைச் சுட்டுக் கொன்றனர்.

இந்நிகழ்ச்சியை ஒரு தமிழ்த்துறை மலரில் நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பொய் எங்கே பிறந்தது என்று நோக்குக. அது பகைவன் பாசறையில் பிறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் மேசையில் பிறந்தது. துபாஷி என்றால் இருமொழி அறிந்தவன். எதிரியின் சொல் எதுவாயினும் அவன் நா வழியாகவே ஆங்கிலத் தளபதிகளுக்கு விளங்கும். ஒரு மொழி மட்டும் அறிந்த ஆட்சியாளன் தன் துபாஷியின் கைதியே. அந்நாளில் துபாஷி ஆற்றிய பணியை இந்நாளில் தொலைக்காட்சியும், யாரெனத் தெரியாத ஒருவன் காணொளிக்குக் கீழே எழுதும் இரண்டு வரித் தமிழும் ஆற்றுகின்றன. அரபு மொழியில் யாரோ ஏதோ பேசும் காட்சிக்கு அடியில் தமிழில் ஒரு கொடுஞ்சொல்லை எழுதிவிட்டால், அவர் அதைத்தான் பேசினார் என்று ஊரே நம்புகிறது. அரபு அறிந்தவர் நம்மிடையே நூற்றுக்கணக்கில் உள்ளனர். ஆயினும் மறுத்து நான்கு வரி எழுதுவோர் மிகச் சிலர்.

திருச்சியில் வழங்கும் மற்றொரு கதையையும் இங்கே தொடாமல் செல்ல இயலாது. நம் பெரியோர் அதனைக் கேட்டு முகம் சுளிப்பர். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். 1730களில் நாயக்கர் மரபின் இறுதி அரசி மீனாட்சியிடம் சந்தா சாகிபு திருக்குர்ஆன் மீது ஆணையிட்டு வாக்களித்தார் என்றும், பட்டுத்துணிக்குள் இருந்தது திருமறை அன்று, செங்கல்லே என்றும், 1736இல் வாக்கை முறித்து நகரைக் கைப்பற்றினார் என்றும் அக்கதை கூறும். செங்கல் மெய்யோ, பின்னாளில் சேர்ந்த ஒப்பனையோ, வாக்கு முறிந்தது மெய். அதனை மூடி மறைப்பதில் நமக்கு நன்மை ஏதும் இல்லை. ஆனால் இக்கதையை ஒரு சமயத்தார் மீதான சான்றிதழாக நீட்டுவோர், அதன் அடுத்த பக்கத்தைப் படிப்பதில்லை. 1752இல் திருவரங்கத் தீவில் அகப்பட்டுக்கொண்ட அதே சந்தா சாகிபுக்குத் தஞ்சைத் தளபதி மானோசி உயிர்ப்பாதுகாப்பு வாக்களித்தார். பின்னர் அவர் தலையைக் கொய்தார். மைசூர்ப் படையின் துணையைப் பெறத் திருச்சியையே தருவதாக நஞ்சராசருக்கு உறுதியளித்த முகம்மது அலி, வெற்றி கிட்டியதும் அதனைத் தர மறுத்தார். அம்மறுப்பே அடுத்த இரண்டாண்டுப் போருக்கு வித்தாயிற்று. கும்பினியார் இவற்றையெல்லாம் கண்டு, கணக்கெழுதி, காத்திருந்தனர். அக்காலத்தில் வாக்கு மீறல் எல்லாக் கொடிகளின் கீழும் நிகழ்ந்தது. ஒரு கதையை மட்டும் பிரித்தெடுத்து மற்றவற்றை மறைப்பதும் பொய்த்தகவலின் ஒரு வகையே. சொல்லப்பட்டது முழுதும் மெய்யாக இருந்தும், அதனால் விளைவது பொய்யாக இருக்கக்கூடும்.

போரில் சூழ்ச்சிக்கு இடமுண்டு என்ற கருத்துடைய நபிமொழியை எடுத்துக்காட்டிச் சிலர் நம்மிடம் வாதிடுவதுண்டு. களத்தில் படையின் இயக்கத்தை மறைப்பது வேறு. கொடுத்த வாக்கை முறிப்பது வேறு. பின்னது அச்சூழ்ச்சியில் அடங்காது என்று மார்க்க அறிஞர் தெளிவாகவே வரையறுத்துள்ளனர். 1944இல் நேச நாட்டுப் படைகள் காற்றடைத்த இரப்பர் டாங்கிகளை நிறுத்தி, நார்மண்டியில் இறங்கவிருந்த தம் படை கலே பகுதியில் இறங்கும் என்று இட்லரின் தளபதிகளை நம்பச் செய்தனர். அதனைப் போர்த்தந்திரம் எனலாம். 1990 அக்டோபரில் வாசிங்டனில் ஒரு சிறுமியை நிறுத்தி, ஈராக்கிய வீரர் குழந்தைகளைக் காப்புப் பெட்டிகளிலிருந்து எடுத்து எறிந்ததைத் தான் கண்டதாகச் சொல்ல வைத்ததும், அவள் குவைத்துத் தூதரின் மகள் என்பதை அப்போது உலகிற்குச் சொல்லாததும் அவ்வகையின அல்ல. அங்கே ஏமாற்றப்பட்டது எதிரிப் படையன்று. தம் சொந்த நாட்டு மக்கள். 2003 பிப்ரவரியில் ஐ.நா. அவையில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் குறித்துக் காட்டப்பட்ட படங்களும் அத்தகையனவே. ஆயுதங்கள் இறுதிவரை கிட்டவில்லை. நாடு ஒன்று சிதைந்தது.

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். 1801ஆம் ஆண்டைத் தமிழக வரலாற்றில் இரண்டு தாள்களின் ஆண்டு என்று சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது தாள் யாவரும் காணச் சுவரில் ஒட்டப்பட்டது. 1801 சூன் 16ஆம் நாள் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது விடுத்த அறிக்கை, திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனைக்குச் செல்லும் வாயிற் சுவரிலும் திருவரங்கம் பெருங்கோயிற் சுவரிலும் காணப்பட்டது. சம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் முசுலிம்களையும் அது ஒருங்கே விளித்தது. நவாபு அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்துத் தன் நிலையிழந்தார் என்று சாடியது. நமக்குள் ஒற்றுமை இல்லாமையே அந்நியனுக்கு வாய்ப்பாயிற்று என்று இடித்துரைத்தது. கும்பினியின் படையிற் பணியாற்றும் சுபேதார், சமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரையும் பெயர் சொல்லி அழைத்தது. எதிரியின் படையினுள்ளேயே சென்று பேசிய அச்சொல், இற்றை நாளில் உளவியல் போர் என்று பெரும் பொருட்செலவில் செய்யப்படுவதன் முழு வடிவமாகும். இறுதியில் மருது பாண்டியன் என்று ஒப்பமும் இருந்தது.

இரண்டாவது தாள் பேழைக்குள் இருந்தது. 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் உயிர்நீத்த பின், அரண்மனையிற் கிடைத்த கடிதக்கட்டுகளில் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியும் அவர் மைந்தர் உம்தத்துல் உமராவும் திப்புவோடு இரகசியத் தொடர்பு கொண்டதற்குச் சான்று உள்ளதாகக் கும்பினியார் கூறினர். மறைமொழி அகராதி ஒன்றும் கிடைத்ததாம். அதிலே ஆங்கிலேயர்க்குப் புதிதாய் வந்தோர் என்று பெயராம். இச்சான்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாண்டு வாளாவிருந்த கும்பினியார், 1801 சூலை 15ஆம் நாள் உம்தத்துல் உமரா இறந்ததும் அதனை வெளியே எடுத்தனர். அவர் மைந்தர் அலி உசேன் கும்பினியின் நிபந்தனைகளுக்கு இணங்கவில்லை. இணங்கிய அசீமுத் தவுலாவோடு சூலை 31இல் உடன்படிக்கை ஆயிற்று. கருநாடகத்தின் ஆட்சியும் படையும் வரியும் கும்பினிக்கு. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. சொல்லப்போனால், தமிழகத்தின் பெரும்பகுதி ஒரு கடிதக்கட்டின் விளக்கவுரையால் கைமாறியது. 1817இல் வெளிவந்த தம் பிரித்தானிய இந்திய வரலாற்றில் சேம்சு மில் அச்சான்றுகளை ஆராய்ந்து, அவை குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை என்றே முடிவு கட்டினார். மில் நம் நாட்டின்பால் அன்பு கொண்டவர் அல்லர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மருது சகோதரரையும் கும்பினியார் வெடிமருந்தால் மட்டும் வெல்லவில்லை. போர் கடுமையாக நடந்துகொண்டிருந்த 1801 செப்டம்பரில், சிவகங்கையின் உரிய வாரிசு என்று படமாத்தூர் கௌரி வல்லப உடையாத் தேவரைச் சோழபுரத்தில் முடிசூட்டினர். அதுவரை ஒன்றுபட்டு நின்ற மக்கள், யார் பக்கம் நிற்பது அறம் என்று தமக்குள் வினவத் தொடங்கினர். குழப்பம் வந்த இடத்தில் கோட்டை நில்லாது. அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர்.

இவ்விரு தாள்களையும் ஒப்பிடும்போது நம்மை உறுத்தும் ஓர் உண்மை உண்டு. சின்ன மருதுவின் அறிக்கை, காண்போர் யாவரும் அதனைப் படித்துப் படியெடுத்து நண்பர்க்குப் பரப்ப வேண்டும் என்றும், சுவரிலிருந்து கிழிப்போர் பெரும்பாவத்திற்கு ஆளாவர் என்றும் கூறுகிறது. இன்று கைப்பேசியில் வரும் பொய்களும் இதையேதான் சொல்கின்றன: உடனே பத்துப் பேருக்கு அனுப்புக, அனுப்பாதவன் ஈமான் இல்லாதவன், நாட்டுப்பற்று இல்லாதவன். வடிவம் ஒன்றே. அவ்வாறாயின் வேற்றுமை யாது? மருதுவின் தாளில் ஒப்பம் இருந்தது. சொன்னவன் யார் என்று எதிரிக்கும் தெரியும். அச்சொல்லுக்காக அவன் உயிர் கொடுத்தான். அடுத்து, அது நடவாத ஒன்றை நடந்ததாகக் கூறவில்லை. எல்லாரும் கண்ணாற் கண்ட அடிமைத்தனத்தைச் சுட்டி, எழுக என்று அழைத்தது. மிகைச்சொல் அதில் உண்டு. வசைச்சொல்லும் மிகுதியாக உண்டு. இக்காலத்தில் நாம் அவ்வாறு எழுத மாட்டோம். ஆயினும் அழைப்பு வேறு, புனைவு வேறு. வகுப்பறையில் மாணவரை விவாதிக்கச் செய்வதற்கு இதனினும் சிறந்த பொருள் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இனி அண்மைக் காலம். 2025 மே மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் நிகழ்ந்த நான்கு நாள்களில், கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில இரவெல்லாம் முழங்கின. விடிந்தபோது துறைமுகம் இருந்தது. எல்லைக்கு அப்பாலும் கணினி விளையாட்டுக் காட்சிகள் வானூர்திப் போரின் காட்சிகளாக உலவின. பாகிஸ்தான் படைப் பேச்சாளர் தம் தரப்பின் இழப்பை ஒப்புக்கொள்வதாகக் காட்டும் காணொளி ஒன்று செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டது என்று பின்னர்த் தெரிந்தது. இவற்றை நகைத்து ஒதுக்கலாம். ஒதுக்க இயலாத ஒன்று உண்டு. மே 7ஆம் நாள் எல்லை தாண்டி வந்த குண்டுவீச்சில் பூஞ்ச் நகரில் மதரசா ஆசிரியர் ஒருவர் இறந்தார். இந்தியக் குடிமகன், பிள்ளைகளுக்குத் திருமறை ஓதுவித்தவர். பகைவனின் குண்டுக்கு இரையான அவரை, கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று அவர் படத்துடன் நம் நாட்டு ஊடகங்களே அறிவித்தன. பூஞ்ச் காவல்துறை அதனை மறுத்து அறிக்கை வெளியிட நேர்ந்தது. தாடியும் தொப்பியும் உடைய ஒரு முகம் போதுமான சான்றாகிவிட்டது. யூசுப் கானுக்கு எதிராக ஒரு கள்ளக் கடிதமாவது எழுத வேண்டியிருந்தது. இவருக்கு எதிராக அதுவும் தேவைப்படவில்லை. நம் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும், சமயம் எதுவாயினும், அப்படத்தைத் தம் படமாகக் கருதிப் பார்க்கக் கடவர்.

இவ்வளவு எழுதிய பின், நம் பக்கத்துக் குறையைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. நமக்கு எதிரான பொய்யைக் கண்டு கொதிக்கும் நாம், நமக்குச் சாதகமான பொய்யைக் கண்டு மகிழ்கிறோம். எங்கோ நிகழ்ந்த நிலநடுக்கத்தின் படத்தைப் பாலத்தீனத்தின் படமென்று அனுப்புவோர் நம்மிலும் உண்டு. காசாவின் துயரத்திற்கு மெய்யான படங்கள் போதாவோ? ஒரு பொய்ப்படம் பிடிபட்டால், அடுத்து வரும் நூறு மெய்ப்படங்களையும் உலகம் ஐயுறும்; அவ்வையமே பகைவன் விரும்பும் ஊதியம். பள்ளிவாசல் குழுக்களிலும் பழைய மாணவர் குழுக்களிலும் இத்தகைய படங்கள் சுற்றும்போது, பெரியவர் மனம் நோகுமே என்று இளையோர் வாய் திறப்பதில்லை. வயதில் மூத்தவர் அனுப்பியதைத் தவறென்று எழுதுவது நம் மரபில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. இது மாற வேண்டும். இளையோர் தனியே அழைத்து, அத்தா, இது மெய்யன்று என்று பணிவுடன் சொல்லலாம். கேட்டுக்கொள்ளும் பெருந்தன்மை பெரியோர்க்கு வேண்டும்.

தமிழ் மண்ணில் வதந்தியின் விலை என்ன என்பதையும் நாம் கண்டுள்ளோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதியவள் ஒருத்தி, பிள்ளை பிடிப்பவள் என்ற கைப்பேசிச் செய்தியை நம்பிய கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டாள். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுகின்றனர் என்ற பொய்க் காணொளிகள் வடக்கே பரவ, இங்கே உழைத்துக்கொண்டிருந்தவர் அஞ்சி ஊர் திரும்ப முற்பட்டனர். பீகார் அரசு குழுவொன்றை அனுப்பி நிலைமையை அறிய வேண்டியதாயிற்று. ஒன்றில் நம்மவர் கொலையாளிகளாயினர். மற்றதில் செய்யாத கொலைக்குப் பழி சுமந்தனர்.

மருந்து நம்மிடம் இல்லாமல் இல்லை. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்கச் சொன்னார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தாலன்றித் தெளிய வேண்டா என்றார். திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம், தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு. நபிமொழித் தொகுப்பாளர்கள் ஒரு சொல்லை ஏற்குமுன், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் ஒரே காலத்தவரா, நினைவாற்றல் எத்தகையது என்று அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் ஆராய்ந்தனர். இசுனாது எனப்படும் அவ்வரிசையை மனப்பாடமாகச் சொல்லும் மாணவரே, கைப்பேசியில் வரும் செய்திக்கு முதல் அறிவிப்பாளர் யார் என்று கேளாதிருப்பது நமக்கு விளங்காத புதிராக உள்ளது.

எனவே நம் தமிழ்த்துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். உரைநடை வரலாறு கற்பிக்கும்போது அச்சு நூல்களோடு நின்றுவிடாமல், 1801ஆம் ஆண்டின் அறிக்கையையும் பாடமாக வைக்கலாம். பேராசிரியர் கே. இராசய்யன் 1971இல் வெளியிட்ட ஆங்கில நூலால் அது பலரறிய வந்தது. இன்று நாம் பரவலாகப் படிப்பது, கும்பினியார் தம் அலுவலுக்காகச் செய்து வைத்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து திரும்பவும் தமிழாக்கப்பெற்ற வடிவமே. சின்ன மருதுவின் குரலையும் நாம் ஒரு துபாஷியின் வழியாகவே கேட்கிறோம்! எச்சொல் அவருடையது, எச்சொல் மொழிபெயர்த்தவனுடையது என்று மாணவர் வரிவரியாக ஆராயட்டும். எந்த இலக்கணப் பயிற்சியும் தராத விழிப்பை அது தரும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்கு ஆண்டுதோறும் முதுகலை மாணவரை அழைத்துச் செல்லலாம். சுற்றுலா என்று கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் செல்லும் செலவில் பாதிதான் ஆகும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். நத்தர்வலி தர்காவில் முகம்மது அலியின் அடக்கத்தலமும் சந்தா சாகிபின் அடக்கத்தலமும் ஒரே வளாகத்தில் உள்ளன. வாழ்நாளெல்லாம் ஒருவரையொருவர் அழிக்க முனைந்த இருவர்! அக்காலத்துப் பாரசீக, உருதுக் கடிதங்களும் அரபுத்தமிழ்க் கையேடுகளும் நம் ஊர்ப் பழங்குடும்பங்களின் மரப்பெட்டிகளில் இன்னும் இருத்தல் கூடும். பாரசீகம் படிக்கவல்ல முதியோர் அருகி வருகின்றனர். பெட்டிகளைக் கரையான் அறியும், நாம் அறியோம். அத்தகைய தாள் எதுவேனும் இருப்பின், அதனைத் தர வேண்டா. கல்லூரி நூலகத்திற்கு ஒரு நாள் கொண்டு வந்து படியெடுத்துக்கொள்ள இசைந்தாற் போதும். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் வந்து அரை நாள் அமர்ந்தால், எழுதிக்கொள்ள மாணவர் இருக்கின்றனர்.